வாகனப் பக்கம்: காரின் வர்ணம் கெடாமல் ஸ்ரிக்கரைக் கழற்றுவது எப்படி?



கனடாவுக்கு வந்து சேரும் எம்மவர் குடும்பங்கள் பெரும்பாலும் முதலில் வாங்குவது பாவித்த கார்தான். வேலைத்தலம் எங்கோ ஒரு தொழிற்பேட்டையில் இருக்கும். விடியற்காலை ஐந்து மணிக்கு அந்தப் பக்கம் பஸ் இருக்காது. பிள்ளைகளின் பாடசாலை, சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு, வைத்தியர், மரக்கறிக் கடை என்று எல்லாவற்றுக்கும் கார் தேவை. ஆகவே மிச்சம் பிடித்த பணத்தையும் சீட்டு எடுத்த காசையும் சேர்த்து, பத்து வருடம் ஓடிய ஒரு காரை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வருகிறோம்.

அந்தக் காரோடு முன்னைய சொந்தக்காரரின் ஸ்ரிக்கர்களும் சேர்ந்தே வந்துவிடுகின்றன. பின் பம்பரில் எப்போதோ முடிந்த ஒரு தேர்தலின் சுலோகம் இருக்கும். டிக்கி மூடியில் கார் விற்ற நிலையத்தின் பெயர் இருக்கும். பின் கண்ணாடியில் அப்பா, அம்மா, மூன்று பிள்ளைகள், ஒரு நாய் என்று வெள்ளைக் கோட்டில் குடும்பப் படம் ஒட்டியிருக்கும். முன் கண்ணாடியின் மூலையில் யாரோ குடியிருந்த மாடிக் கட்டிடத்தின் தரிப்பிட அனுமதி இருக்கும்.

இவற்றைக் கழற்றவேண்டும் என்று நினைப்பது சரி. ஆனால் சமையலறைக் கத்தியை எடுத்துக்கொண்டு போய்ச் சுரண்டத் தொடங்குவதுதான் பிழை. ரொறன்ரோ போன்ற இடத்தில் கீறல் என்பது அழகைப் பற்றிய விடயம் மட்டுமல்ல. பனிக்காலத்தில் வீதியெங்கும் உப்புக் கொட்டுகிறார்கள். கீறல் உலோகம் வரை இறங்கியிருந்தால் உப்புத் தண்ணீர் அதற்குள் போய்த் துருவைத் தொடக்கிவிடும். இலையுதிர் காலத்தில் கத்தியால் போட்ட கோடு அடுத்த வசந்தத்தில் செங்கபில நிறப் புள்ளியாக எழும்பி நிற்கும். பிறகு அந்தப் பகுதியைத் திருத்தி வர்ணம் பூசுவதற்கு நூற்றுக்கணக்கான டொலர் கேட்பார்கள். காரை விற்கப் போகும்போதும் விலை குறையும்.

ஆகவே இம்முறை இந்தச் சின்ன வேலையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம். இதற்கு வேண்டியவை சூடு, எண்ணெய், பொறுமை என்ற மூன்றும்தான். பலம் தேவையில்லை.

ஏன் கழற்றவேண்டும்?

முதலாவது காரணம் சட்டம். சாரதியின் பார்வையை மறைக்கும்படி கண்ணாடிகளில் எதையும் ஒட்டி வைத்திருக்கக்கூடாது என்று ஒன்ராறியோவின் நெடுஞ்சாலைப் போக்குவரத்துச் சட்டம் சொல்கிறது. ஒட்டியவர் முன்னைய சொந்தக்காரராக இருக்கலாம். ஆனால் பொலிஸார் மறிக்கும்போது காரை ஓட்டுபவர் நீங்கள்.

இரண்டாவது, அந்த ஸ்ரிக்கர் என்ன சொல்கிறது என்பது எங்களுக்குப் பல வேளைகளில் விளங்குவதில்லை. ஒரு கொடி, ஒரு மிருகத்தின் தலை, இரண்டு எழுத்து, ஒரு இலக்கம் என்று எதுவும் இருக்கலாம். அது ஒரு அரசியல் கட்சியின் சின்னமாகவோ யாரையாவது இழிவுபடுத்தும் வாசகமாகவோ இருக்கலாம். வெறும் ஹொக்கி அணியின் சின்னமாகவும் இருக்கலாம். ஊருக்குப் புதிதாக வந்த நாங்கள் விளங்காத ஒரு வாசகத்தை முதுகில் ஒட்டிக்கொண்டு திரியத் தேவையில்லை. பாடசாலைக்குப் போகும் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

மூன்றாவது காரணம் நீங்கள் இனி ஒட்டப்போகும் ஸ்ரிக்கர்களுக்கும் பொருந்தும். பிள்ளைகளின் பெயர், படிக்கும் பாடசாலை, குடியிருக்கும் கட்டிடத்தின் பெயர் இவ்வளவும் ஒரு காரின் பின்பக்கத்தில் இருந்தால், கடைத் தரிப்பிடத்தில் நிற்கும் எவரும் உங்கள் குடும்ப விபரத்தை வாசித்துவிடலாம். அந்நியர் ஒருவர் உங்கள் பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிட அது போதும்.

கழற்றக் கூடாதவை

வேலையைத் தொடங்குமுன் காரை ஒருமுறை சுற்றிவந்து பாருங்கள். எல்லா ஸ்ரிக்கரும் வேண்டாத ஸ்ரிக்கர் அல்ல. சாரதியின் கதவைத் திறந்தால் கதவு பூட்டும் தூணிலோ கதவின் ஓரத்திலோ சில தாள்கள் ஒட்டியிருக்கும். அவற்றில் ஒன்று கார் செய்யப்பட்ட மாதமும் வருடமும், தாங்கக்கூடிய எடை, 17 எழுத்தும் எண்ணும் கொண்ட வாகன அடையாள எண் ஆகியவற்றைச் சொல்லும். மற்றது ரயர்களின் அளவையும் எவ்வளவு காற்று அடிக்கவேண்டும் என்பதையும் சொல்லும். குளிர் தொடங்கும்போது ரயர் காற்று தானாகவே குறையும். அப்போது நீங்கள் தேடிப் போகப்போவது இந்தத் தாளைத்தான். இவை இரண்டிலும் கை வைக்கவே வேண்டாம். வாகன அடையாள எண் உள்ள தாள் கிழிந்த காரை வாங்க வருபவர், இது களவெடுத்த காரோ என்று யோசிப்பார்.

பொனற்றைத் திறந்தால் உள்ளே புகைக் கட்டுப்பாடு பற்றிய தாளும் குளிரூட்டியின் வாயு பற்றிய தாளும் இருக்கும். திருத்துபவருக்கு அவை தேவை. சாரதிக்கு முன்னால் உள்ள வெயில் மறைப்பில் காற்றுப்பை பற்றிய எச்சரிக்கை இருக்கும். அதுவும் இருக்கட்டும்.

பிள்ளைகளின் இருக்கையை மறக்கவேண்டாம். கனடாவில் பாவிக்கும் சிறுவர் இருக்கையில் மேப்பிள் இலை பொறித்த தேசியப் பாதுகாப்புச் சின்னம் இருக்கவேண்டும். அதிலேயே காலாவதித் திகதியும் குறிக்கப்பட்டிருக்கும். பார்க்க அழகில்லை என்று இந்தத் தாள்களை உரித்துவிட்டால், இருக்கையை எதுவரை பாவிக்கலாம் என்பதே தெரியாமல் போய்விடும். அந்த இருக்கையைத் துடைக்க அற்ககோலோ வேறு பசை நீக்கியோ பாவிக்கவும் வேண்டாம். இருக்கையோடு வந்த கைநூல் சொல்லும் முறைதான் சரி.

இலக்கத்தகட்டின் மூலையில் முன்பு வருடா வருடம் ஒரு சிறிய ஸ்ரிக்கர் ஒட்டுவார்கள். சாதாரண பயணிகள் கார்களுக்கு அது தேவையில்லை என்று 2022 மார்ச் 13 முதல் ஒன்ராறியோ அரசு நிறுத்திவிட்டது. ஒன்ராறியோவில் இலக்கத்தகடு காரோடு போவதில்லை. அது சொந்தக்காரரோடுதான் போகும். ஆகவே பாவித்த கார் வாங்கும்போது பழைய தகடு உங்களிடம் வராது. உங்கள் சொந்தத் தகட்டில் பழைய ஸ்ரிக்கர் இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். அதைச் சுரண்டப் போய்த் தகட்டின் இலக்கத்தைக் கெடுத்தால், வாசிக்க முடியாத தகடு என்று அதற்கொரு தண்டப்பத்திரம் கிடைக்கக்கூடும்.

முன் கண்ணாடியில், நடுக்கண்ணாடிக்குப் பின்னால், ஒரு சிறிய பெட்டி ஒட்டியிருந்தால் அது 407 நெடுஞ்சாலைக் கட்டணக் கருவியாக இருக்கலாம். அது முன்னையவரின் கணக்கில் இருக்கும். எறிந்துவிடாமல் விற்றவருக்கு அறிவித்துக் கொடுத்துவிடுங்கள். மாற்றுத்திறனாளிக்குரிய தரிப்பிட அனுமதி அட்டை காருக்குள் கிடந்தாலும் அப்படித்தான். அது காருக்குக் கொடுத்தது அல்ல, ஆளுக்குக் கொடுத்தது. அதை நீங்கள் பாவித்தால் குற்றம்.

பசையின் குணம்

ஊரில் பலாப்பழம் வெட்டும்போது அம்மாமார் என்ன செய்வார்கள்? முதலில் கையிலும் கத்தியிலும் தேங்காய் எண்ணெய் பூசிக்கொள்வார்கள். பலாப்பால் கையில் பிடித்துவிட்டால் தண்ணீரில் எவ்வளவு கழுவினாலும் போகாது. எண்ணெய் போட்டு உரஞ்சினால் உருண்டு வந்துவிடும். கார் ஸ்ரிக்கரின் பசையும் ஏறக்குறைய இதே குணம் உடையது. தண்ணீரை மதிக்காது, எண்ணெய்க்கு இளகிவிடும்.

இன்னொரு குணமும் அதற்கு உண்டு. இந்தப் பசை காய்ந்து இறுகும் பசை அல்ல. மிகத் தடித்த பாணி மாதிரி எப்போதும் கொஞ்சம் ஓடும் தன்மையோடு இருக்கும். சூடேறினால் இளகும். குளிர்ந்தால் இறுகும். வெடுக்கென்று இழுத்தால் கல் மாதிரிப் பிடிக்கும். மெதுவாக இழுத்தால் வழிவிடும். பல வருடம் வெயில் பட்ட பசை இறுகிப் போயிருக்கும் என்பதால் பழைய ஸ்ரிக்கருக்குக் கூடுதல் சூடும் கூடுதல் நேரமும் தேவைப்படும்.

இதில் ஒரு வேடிக்கையான வரலாறும் உண்டு. 1920களில் அமெரிக்காவில் இரண்டு நிறக் கார்கள் மிகவும் விரும்பப்பட்டன. ஒரு நிறத்தைப் பூசும்போது மற்றப் பக்கத்தைத் தாளால் மூடிப் பலமான பசையால் ஒட்டுவார்கள். பிறகு தாளை உரிக்கும்போது புதிதாகப் பூசிய வர்ணமும் சேர்ந்து வந்துவிடும். இதைப் பார்த்த 3எம் நிறுவனத்தின் றிச்சர்ட் டுறூ என்பவர், ஒட்டவும் வேண்டும், கழற்றும்போது வர்ணத்தைக் கொண்டுபோகவும் கூடாது என்று முயன்று 1925 இல் ஒரு ஒட்டுநாடாவை உருவாக்கினார். வர்ணம் பூசுபவர்கள் இன்றும் பாவிக்கும் மாஸ்கிங் ரேப் அதுதான். கார்க்காரர்களின் தலையிடி நூறு வருடம் பழையது என்பது இதிலிருந்து தெரிகிறது.

வர்ணம் எவ்வளவு தடிப்பு?

காரின் வர்ணம் ஒரே பூச்சு அல்ல. உலோகத்தின் மேல் துரு தடுக்கும் பூச்சு, அதன்மேல் அடிப்பூச்சு, பிறகு நிறம், எல்லாவற்றுக்கும் மேலே கண்ணாடி போன்ற தெளிந்த பூச்சு. இவ்வளவும் சேர்ந்தால்கூடப் பொதுவாக ஒரு மில்லிமீற்றரில் பத்தில் ஒரு பங்கு, அல்லது அதைவிடச் சற்றுக் கூடுதலாக இருக்கும். நாம் எழுதும் தாளின் தடிப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் தெளிந்த மேற்பூச்சு பாதிகூட வராது. வெயிலிலிருந்து நிறத்தைக் காப்பாற்றுவது அந்த மெல்லிய பூச்சுத்தான். கத்தியும் இரும்பு நாரும் முதலில் தின்பது அதைத்தான்.

வேலையைச் செய்யும் முறை

தேவையானவை: ஒரு வாளி சுடுதண்ணீர், பாத்திரம் கழுவும் திரவம், நாலைந்து மென்மையான பழந்துணிகள், தலைமயிர் உலர்த்தும் ட்றையர், காலாவதியான ஒரு பிளாஸ்ரிக் அட்டை, கொஞ்சம் சமையல் எண்ணெய், பாமசியில் விற்கும் 70 வீத அற்ககோல். பசை நீக்கும் திரவம் வாங்க விரும்பினால் கூ கோன், 3எம் போன்ற பெயர்களில் கனேடியன் ரயர் போன்ற கடைகளில் கிடைக்கும். போத்தலில் காரின் வர்ணத்துக்குப் பாதுகாப்பானது என்று எழுதியிருக்கிறதா என்று வாசித்து வாங்குங்கள்.

1. முதலில் கழுவுங்கள். ஸ்ரிக்கரையும் அதைச் சுற்றியும் சவர்க்காரத் தண்ணீரால் நன்றாகக் கழுவித் துடையுங்கள். மணலும் உப்புத்தூளும் இருக்கும்போது துணியால் தேய்த்தால் அதுவே அரத்தாளாகி வர்ணத்தைக் கீறும். பலர் விட்டுவிடுவது இந்த முதற்படியைத்தான்.

2. பரீட்சை செய்யுங்கள். பாவிக்கப்போகும் திரவத்தில் ஒரு துளியைத் துணியில் எடுத்துக் கண்ணுக்குத் தெரியாத ஒரு மூலையில், உதாரணமாகக் கதவின் உட்பக்கத்தில், தேய்த்துப் பாருங்கள். துணியில் காரின் நிறம் வந்தால் அந்தத் திரவத்தை வைத்துவிடுங்கள்.

3. சூடாக்குங்கள். ட்றையரை ஒரு சாண் தூரத்தில் பிடித்து, ஓரிடத்தில் நிறுத்தாமல் அசைத்தபடி, ஒன்றிரண்டு நிமிடம் சூடு காட்டுங்கள். பிறகு உள்ளங்கையை அந்த இடத்தில் வையுங்கள். சூடாக இருக்கவேண்டும், ஆனால் கையை வைத்திருக்கக்கூடியதாக இருக்கவேண்டும். கை சுட்டால் வர்ணத்துக்கும் கூடுதல்தான். வர்ணம் உரிக்கப் பாவிக்கும் சூட்டுத் துப்பாக்கி வேண்டாம். அதன் வெப்பம் பல நூறு பாகை வரை போகும்.

4. மூலையைக் கிளப்புங்கள். நகத்தாலோ பிளாஸ்ரிக் அட்டையாலோ ஒரு மூலையை மெதுவாக எழுப்புங்கள். அட்டையை ஒரு துணியால் சுற்றிக்கொண்டால் இன்னும் நல்லது.

5. பின்னோக்கி மடித்து இழுங்கள். எழும்பிய மூலையை நேரே வெளியே இழுக்காமல், ஸ்ரிக்கரின் மேலேயே பின்பக்கமாக மடித்து மெதுவாக இழுங்கள். ஒரு கையால் இழுக்கும்போது மறு கையால் முன்னாலுள்ள பகுதிக்குச் சூடு காட்டிக்கொண்டே போகலாம். கிழியத் தொடங்கினால் நிறுத்திவிட்டு மீண்டும் சூடாக்குங்கள். ஒரு சாண் நீளத்தை உரிக்க ஐந்து நிமிடம் எடுத்தாலும் பரவாயில்லை.

6. மிஞ்சிய பசைக்கு எண்ணெய். தேங்காய் எண்ணெயோ வேறு சமையல் எண்ணெயோ துணியில் தோய்த்துப் பசையின் மேல் பத்துப் பதினைந்து நிமிடம் வைத்திருங்கள். டபிள்யூடி-40 வைத்திருப்பவர்கள் அதையும் பாவிக்கலாம். பிறகு விரலால் உருட்டினால் பலாப்பால் மாதிரித் திரண்டு வரும். ஒருமுறையில் போகாவிட்டால் இரண்டாம் முறை, மூன்றாம் முறை செய்யுங்கள். அழுத்தித் தேய்ப்பதைவிட மீண்டும் ஊறவைப்பதே நல்லது.

7. கழுவி மெழுகு பூசுங்கள். எண்ணெயும் பசை நீக்கியும் வர்ணத்தின் மேல் நிற்கக்கூடாது. சவர்க்காரத் தண்ணீரால் கழுவித் துடையுங்கள். கடைசியாகக் கொஞ்சம் அற்ககோலைத் துணியில் எடுத்து லேசாக ஒருமுறை துடைத்தால் எண்ணெய்ப் பிசுபிசுப்புப் போய்விடும். இந்த வேலையில் அந்த இடத்தின் பழைய மெழுகும் போயிருக்கும். ஆகவே கார் மெழுகு ஒருமுறை பூசிவிடுங்கள்.

இடத்துக்கேற்ற கவனம்

முன் கண்ணாடியிலும் பக்கக் கண்ணாடிகளிலும் தாள் ஸ்ரிக்கர் இருந்தால் சுடு சவர்க்காரத் தண்ணீரில் நனைத்த துணியைக் கால் மணி நேரம் ஒட்டி வையுங்கள். தாள் ஊறி வந்துவிடும். பிளாஸ்ரிக் சுரண்டி முதலில் பாவியுங்கள். அதுவும் சரிவராவிட்டால் மட்டும் புதிய சவர பிளேற்றைப் பிடியில் பூட்டி, கண்ணாடியைச் சவர்க்காரத் தண்ணீரால் நனைத்து, பிளேற்றைப் படுக்கவைத்து ஒரே திசையில் தள்ளலாம். உலர்ந்த கண்ணாடியில் பிளேற் போடவேண்டாம். வர்ணத்தின் மேல் எந்தக் காரணத்துக்கும் பிளேற் ஆகாது.

பின் கண்ணாடியின் உட்பக்கத்தில் மெல்லிய கோடுகள் குறுக்கே ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். பனியையும் ஆவியையும் போக்கும் மின்கம்பிகள் அவை. கண்ணாடியின் மேற்பரப்பில் அச்சிட்டது போலத்தான் அவை இருக்கும். பிளேற் ஒருமுறை குறுக்கே போனால் கோடு அறுந்துவிடும். பிறகு தை மாதக் காலையில் அந்த இடம் மட்டும் தெளியாமல் நிற்கும். அங்கே எண்ணெய், ஈரத்துணி, விரல் இவை மட்டும் போதும். கோடு போகும் திசையிலேயே துடையுங்கள். கண்ணாடியில் கறுப்புப் படலம் ஒட்டியிருந்தால் அமோனியா கலந்த கண்ணாடித் திரவமும் பாவிக்கவேண்டாம். படலம் கெட்டுவிடும்.

முன் விளக்குகளின் மூடியும் உட்புறத் தட்டுகளும் பிளாஸ்ரிக். அங்கே கடுமையான திரவம் பட்டால் வெடிப்பு விழும், அல்லது மங்கிவிடும். பிள்ளைகள் பின் கதவின் உட்பக்கத்தில் ஒட்டிய படங்களுக்கு வெதுவெதுப்பான சூடும் எண்ணெயும் போதும்.

டிக்கியில் உள்ள விற்பனை நிலையத்தின் பெயர் தடித்த எழுத்துக்களாக இருந்தால், சூடாக்கிவிட்டுப் பற்களுக்குப் பாவிக்கும் நூலை அதன் பின்னால் விட்டு அரிவது போல இழுத்தால் கழன்றுவிடும். சில சின்னங்கள் பசையோடு ஊசிகளாலும் பொருத்தப்பட்டிருக்கும். நூல் இடையில் தடக்கி நின்றால் ஊசி இருக்கிறது என்று அர்த்தம். கழற்றினால் ஓட்டை தெரியும், அதற்குள் தண்ணீரும் போகும். அதை அப்படியே விட்டுவிடுங்கள். இனிமேல் ஒரு விற்பனை நிலையத்தில் கார் வாங்கினால், கையெழுத்து வைக்குமுன்னரே, உங்கள் பெயரை என் காரில் ஒட்டவேண்டாம் என்று சொல்லலாம். அவர்களின் விளம்பரத்தை இலவசமாகக் கொண்டு திரியவேண்டிய கடமை எங்களுக்கு இல்லை.

செய்யக் கூடாதவை

நகப்பூச்சு நீக்கும் அசற்றோன், வர்ணத் தின்னர் இரண்டும் காரின் வர்ணத்தையே கரைக்கும். பெற்றோல் பசையைக் கரைக்கும் என்பது உண்மைதான். ஆனால் அதன் ஆவி தரையோடு பரவி, தூரத்தில் உள்ள ஒரு பொறியிலும் பற்றிக்கொள்ளும். கராஜுக்குள் தண்ணீர்ச் சூடாக்கி இருக்கும் வீடுகளில் இது உயிர் ஆபத்து. பாத்திரம் தேய்க்கும் பச்சைத் துணி, இரும்பு நார், சுவர் துடைக்கும் வெள்ளைப் பஞ்சுக்கட்டி இவை எல்லாம் உரஞ்சும் பொருட்கள். அந்த வெள்ளைப் பஞ்சு கைக்கு மென்மையாகத்தான் இருக்கும், ஆனால் பளபளப்பை எடுத்துவிடும்.

அற்ககோலும் பசை நீக்கிகளும் தீப்பற்றக்கூடியவை. ட்றையரால் சூடாக்கும் வேலையை முழுதாக முடித்து, அதன் மின்தொடுப்பைக் கழற்றிவிட்டுத்தான் இவற்றின் மூடியைத் திறக்கவேண்டும். கராஜ் கதவு திறந்திருக்கட்டும். பக்கத்தில் யாரும் சிகரெட் பற்றவைக்கக்கூடாது. பிள்ளைகள் எட்ட நிற்கட்டும். எண்ணெய் தோய்ந்த துணிகளைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி வெளியில் விரித்துக் காயவிடுங்கள். அவற்றைத் துணி உலர்த்தும் இயந்திரத்தில் போடவேண்டாம். சமையல் எண்ணெய் ஊறிய துணி சூட்டில் தானாகவே தீப்பற்றக்கூடும்.

பனிக்காலத்தில் வெளியில் நின்று இந்த வேலையைச் செய்யவேண்டாம். குளிரில் ஸ்ரிக்கர் அப்பளம் மாதிரி உடையும். பசை இறுகிப் போயிருக்கும். அவசரப்பட்டுக் கொதிதண்ணீரை உறைந்த கண்ணாடியில் ஊற்றினால் கண்ணாடி வெடித்துவிடும். பார்வையை மறைக்கும் ஸ்ரிக்கரை மட்டும், காரின் உட்பக்கம் நன்றாகச் சூடேறிய பிறகு, உள்ளிருந்து கழற்றுங்கள். மற்றவை வைகாசி வரை இருக்கட்டும். கோடையிலும் உச்சி வெயிலில் வேண்டாம். திரவம் வேலை செய்யுமுன்னரே உலர்ந்துவிடும். காலையோ மாலையோ நிழலில் செய்வதுதான் வசதி.

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கேள்வி: ஸ்ரிக்கர் போய்விட்டது. ஆனால் அதன் உருவம் அப்படியே தெரிகிறதே?

பதில்: சுற்றியுள்ள வர்ணம் பல வருட வெயிலில் மங்கியிருக்கும். ஸ்ரிக்கருக்குக் கீழே இருந்த பகுதி மங்காமல் இருந்திருக்கும். அது பசை அல்ல. எவ்வளவு தேய்த்தாலும் போகாது. கார் வர்ணத்துக்கென்று விற்கும் மென்மையான பொலிஷை எடுத்துச் சுற்றியுள்ள பகுதியைக் கையால் லேசாக மினுக்கினால் வித்தியாசம் குறையும். முற்றாக மறையாவிட்டால் அதோடு நிறுத்திவிடுங்கள். மீண்டும் மீண்டும் தேய்த்தால் மேற்பூச்சு தேய்ந்துபோகும்.

கேள்வி: நாங்கள் மாடிக் கட்டிடத்தில் இருக்கிறோம். தரிப்பிடத்தில் மின்சாரம் இல்லை. ட்றையருக்கு என்ன செய்வது?

பதில்: தடித்த துவாயைச் சுடுதண்ணீரில் நனைத்துப் பிழிந்து ஸ்ரிக்கரின் மேல் சில நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். ஆறியதும் மீண்டும் நனையுங்கள். கொஞ்சம் கூடுதல் நேரம் எடுக்கும், ஆனால் வேலை நடக்கும். பல கட்டிடங்களில் நிலக்கீழ்த் தரிப்பிடத்தில் கார் கழுவ அனுமதியில்லை. முதலில் கட்டிட நிர்வாகத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: விபத்துப்பட்டுத் திரும்ப வர்ணம் பூசிய கார் என்று சந்தேகம். பயமில்லாமல் உரிக்கலாமா?

பதில்: கவனம் தேவை. தொழிற்சாலையில் பூசிய வர்ணம் அடுப்பில் இறுக்கப்பட்டது. பிறகு பூசியது அவ்வளவு உறுதியாக இல்லாமல் இருக்கலாம். ஒரு கதவின் நிறம் மற்றதைவிடச் சற்று வேறாகத் தெரிந்தாலோ, கதவோரத்து இறப்பரில் வர்ணத் துளிகள் இருந்தாலோ அது மறுபூச்சு. அங்கே இழுப்பதைவிட எண்ணெயில் ஊறவைப்பதையே நம்புங்கள். ஓரத்தில் வர்ணம் எழும்புவது தெரிந்தால் உடனே நிறுத்தி, வர்ணம் பூசும் ஒருவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: எங்கள் கார் லீஸுக்கு எடுத்தது. ஸ்ரிக்கர் ஒட்டலாமா?

பதில்: திருப்பிக் கொடுக்கும் நாளில் காரைப் பரிசோதிப்பார்கள். ஒப்பந்தத்தில் வழமையான தேய்மானம் என்று எதைச் சொல்லியிருக்கிறார்கள் என்று வாசித்துப் பாருங்கள். பசைக்கறை, நிற வித்தியாசம் இவற்றுக்குப் பணம் கேட்கக்கூடும். ஒட்டத்தான் வேண்டும் என்றால் கண்ணாடியில், பார்வையை மறைக்காத மூலையில் ஒட்டுங்கள். வர்ணத்தின் மேல் வேண்டாம்.

வாசகர்களே, கார் வாங்கிய முதற்கிழமையே எல்லாவற்றையும் செய்து முடிக்கவேண்டும் என்றில்லை. பார்வையை மறைப்பதையும், விளங்காத வாசகத்தையும், வேறொருவரின் தரிப்பிட அனுமதியையும் முதலில் எடுத்துவிடுங்கள். மற்றவற்றை ஒரு சனிக்கிழமை மாலை, பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு ஆறுதலாகச் செய்யலாம். கழுவுவதும் துடைப்பதும் அவர்களின் வேலையாக இருக்கட்டும். திரவங்களும் ட்றையரும் பெரியவர்களின் கையில் இருக்கட்டும்.

அடுத்த இதழில், பனிக்காலம் தொடங்குமுன் காரில் என்னென்ன பார்க்கவேண்டும் என்று எழுதுவோம். சாரதியின் கதவைத் திறந்து, தூணில் ஒட்டியுள்ள ரயர் காற்றளவை இப்போதே ஒரு தாளில் குறித்து வையுங்கள். அப்போது அது தேவைப்படும்.